பென்ஷன் ஏன் நின்றது, யார் நிறுத்தியது? மூணாறு முதல் கொழிஞ்சாம்பாறை வரை கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் நிதி நெருக்கடியையும் அதனால் தள்ளிப்போன பென்ஷனையும் பற்றி மலையாளச் சேனல்களில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். எஸ்டேட் லயங்களிலும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா கிராமங்களிலும் அந்தச் சண்டையின் சத்தம் கேட்கிறது, விஷயம் வந்து சேர்வதில்லை. மறையூர், வட்டவடை, வண்டிப்பெரியார், குமுளி, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று எல்லையோரம் நெடுக மக்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளம். சிலவற்றுக்கு ஒரு வரியே போதும்.

எந்தப் பென்ஷனைப் பற்றி இந்தச் சண்டை?

அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வாங்கும் பென்ஷன் அல்ல. அது வேறு கணக்கு, மாதம் பிறந்தால் வந்துவிடும். இங்கே பேசுவது க்ஷேம பென்ஷன், அதாவது ஏழைகளுக்கான நல உதவித்தொகை. முதியோர், விதவைகள், மாற்றுத்திறனாளிகள், 50 வயது தாண்டிய திருமணமாகாத பெண்கள், விவசாயத் தொழிலாளர்கள் என ஐந்து வகை. இவற்றோடு பல தொழில்களின் க்ஷேம நிதி வாரியங்கள் கொடுக்கும் பென்ஷனையும் சேர்த்தால் வாங்குவோர் 62 லட்சம் பேருக்குப் பக்கம் வருவார்கள்.

1980இல் இ.கே. நாயனார் ஆட்சியில் விவசாயத் தொழிலாளர் பென்ஷன் மாதம் 45 ரூபாயில் தொடங்கியது. 2016இல் 600 ரூபாய், 1000 ஆனது. அப்புறம் படிப்படியாக ஏறி 2021இல் 1600. அங்கேயே நாலரை ஆண்டு நின்றது. 2025 நவம்பரில் 2000.

பென்ஷனைக் குறைத்தார்களா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

குறைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் எல்லாக் கட்சிகளும் விளையாடுகின்றன.

கேரளத்தில் எந்த முதலமைச்சரும் ‘பென்ஷன் வெட்டு’ என்று ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட மாட்டார். போட்டால் அடுத்த தேர்தலில் அவர் கட்சி ஓட்டுக் கேட்டு மலைக்கு ஏற முடியாது. அதனால் வெட்டு வேறு வழியாக வருகிறது. ஒன்று, தொகையை மாற்றாமல் தேதியைத் தள்ளுவது. செப்டம்பர் பணம் மார்ச்சில் வந்தால் காகிதத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. லயத்துக்குக் கீழே இருக்கும் மளிகைக் கடையில் மட்டும் பற்று ஏறிக்கொண்டே போகும். அரசு தன் பாக்கிக்கு வட்டி தராது. கடைக்காரர் அரிசி விலையை ஏற்றாமல் காத்திருக்கவும் மாட்டார்.

இன்னொன்று, ஏற்றுவதாகச் சொன்னதை ஏற்றாமல் விடுவது. 2021 தேர்தல் அறிக்கையில் மார்க்சிஸ்ட் கட்சி தலைமையிலான இடது ஜனநாயக முன்னணி 2500 ரூபாய் தருவதாகச் சொன்னது. 1600 அப்படியே இருக்க, பால், எண்ணெய், பஸ் கட்டணம் எல்லாம் ஏறின. இதை யாரும் வெட்டு என்று சொல்வதில்லை. பையில் இருந்த பணத்தின் மதிப்பு மட்டும் குறைந்தது.

2023-24இல் சரியாக என்ன நடந்தது?

2023 இரண்டாம் பாதியில் பென்ஷன் தடுமாறத் தொடங்கியது. 2024 மார்ச்சில் ஒரு மாதப் பணம் வந்தபோது, அது முந்தைய செப்டம்பர் மாதத்துக்கு உரியது. அதாவது பாக்கி ஆறு மாதத்தைத் தொட்டிருந்தது, தலைக்கு 9600 ரூபாய். ஏப்ரலில் ரம்ஜானுக்கும் விஷுவுக்கும் முன்னால் இரண்டு தவணை சேர்த்து 3200 கொடுத்தார்கள். மக்களவைத் தேர்தலும் அதே மாதம்தான்.

இதற்கிடையே 2023 நவம்பரில் நம் இடுக்கி மாவட்டத்து அடிமாலியில் வயதான இரண்டு பெண்கள் கழுத்தில் அட்டையும் கையில் பாத்திரமுமாகத் தெருவில் இறங்கிப் பிச்சை கேட்டார்கள். பென்ஷன் வரவில்லை, மருந்து வாங்க வழியில்லை என்பதுதான் அவர்கள் சொன்னது. கேரளம் முழுக்க அது செய்தியானது. அடுத்து நடந்ததைத்தான் நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. அவர்களில் ஒருவருக்கு நிலமும் வீடுகளும் இருப்பதாக அன்று ஆளும் கட்சியாக இருந்த மார்க்சிஸ்ட் கட்சியின் நாளிதழ் எழுதியது. அவர் வில்லேஜ் ஆபீஸுக்குப் போய், தன் பெயரில் நிலம் இல்லை என்று சான்றிதழ் வாங்கி வந்து காட்டினார். பத்திரிகை வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அவர் உயர் நீதிமன்றம் வரை போனார். அதற்குள் எதிர்க்கட்சிகள் அவரை மேடை மேடையாக ஏற்ற ஆரம்பித்துவிட்டன. ஐந்து மாத மருந்துக் காசு கேட்ட ஒரு பாட்டியை இரண்டு பக்கமும் போஸ்டர் ஆக்கிவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அதே நவம்பரில் திருவனந்தபுரத்தில் ‘கேரளீயம்’ விழா நடந்தது. அதற்கு முதலில் ஒதுக்கிய தொகையே 27 கோடி. அடுத்து ஒரு கோடி ரூபாய்க்கு மேல் விலையுள்ள பஸ்ஸில் முதல்வரும் அமைச்சர்களும் ‘நவகேரள சதஸ்’ பயணம் கிளம்பினார்கள், இடுக்கிக்கும் வந்தார்கள். 27 கோடியை மிச்சம் பிடித்திருந்தால் பென்ஷன் வந்திருக்குமா? வந்திருக்காது. அப்போது ஒரு மாதப் பென்ஷனுக்கே ஏறத்தாழ 900 கோடி தேவைப்பட்டது. ஆனால் அரசியல் அந்தக் கணக்கில் நடப்பதில்லை. காய்ந்த வயிற்றுக்குப் பக்கத்தில் வாண வேடிக்கை விட்டால் கோபம் வரத்தான் செய்யும்.

அவ்வளவு பணம் எங்கிருந்துதான் வருகிறது?

பெரும்பகுதி மாநில அரசின் பணம். முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி பென்ஷனில் சில லட்சம் பேருக்கு மட்டும் மத்திய அரசு பங்கு தருகிறது. அதுவும் முதியோருக்கு 200 ரூபாய், 80 வயதுக்கு மேல் 500, விதவைகளுக்கு 300. இந்தத் தொகை பல ஆண்டுகளாக மாறவில்லை. மற்றதெல்லாம் திருவனந்தபுரத்தின் பொறுப்பு.

மாநில வருமானம் எல்லா மாதமும் ஒரே மாதிரி வராது, பென்ஷன் மாதாமாதம் போக வேண்டும். அந்த இடைவெளியை நிரப்ப 2018இல் கேரள சமூகப் பாதுகாப்பு பென்ஷன் லிமிடெட் என்ற அரசு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கூட்டுறவு சங்கங்கள் சேர்ந்து அதற்குக் கடன் கொடுக்கும், அது பென்ஷன் கொடுக்கும், அரசு பிறகு திருப்பிக் கட்டும். வீட்டு வாசலுக்குப் பணம் கொண்டுவரும் சொசைட்டி ஆள் இந்த ஏற்பாட்டின் கடைசிக் கண்ணி. சில ஆண்டுகள் இது நன்றாகவே ஓடியது. 2018 வெள்ளத்துக்கும் கொரோனாவுக்கும் நடுவில் பென்ஷன் வந்ததற்கு இதுவும் காரணம்.

அப்புறம் அது ஏன் முட்டிக்கொண்டது?

இதுதான் மொத்தச் சண்டையின் முடிச்சு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அரசியலமைப்பின் 293(3) பிரிவின்படி, மத்திய அரசுக்குக் கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம் புதிதாகக் கடன் வாங்க மத்திய அரசின் சம்மதம் வேண்டும். ஆண்டுதோறும் மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ 3 சதவீதம் என்று ஒரு வரம்பு போடுகிறார்கள். பென்ஷன் நிறுவனம் வாங்கும் கடனும், கிஃப்பி என்ற கட்டமைப்பு நிதி வாரியம் வாங்கும் கடனும் மாநில பட்ஜெட்டுக்கு வெளியே இருந்தன, அதனால் வரம்புக்குள் வரவில்லை. 2021-22 கடன்களிலிருந்து இவையும் மாநிலத்தின் கடன்தான் என்று மத்திய அரசு கணக்கில் சேர்த்தது. ஏற்கெனவே வாங்கியதையும் அடுத்தடுத்த ஆண்டுகளின் வரம்பிலிருந்து கழித்தது. பென்ஷனுக்காக முன்பு வாங்கிய கடன், பிற்பாடு பென்ஷன் கொடுக்கக் கடன் வாங்க முடியாதபடி கையைக் கட்டியது.

மத்திய அரசின் வாதம்: யார் பெயரில் வாங்கினாலும் திருப்பிக் கட்டுவது மாநில வருவாய் என்றால் அது மாநிலக் கடன்தான். கடனை வெளியே வைத்தால் உண்மை நிலை மறைந்துவிடும். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரும் (சிஏஜி) இதையே சுட்டிக்காட்டியிருந்தார்.

கேரளத்தின் வாதம்: உங்கள் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் வாங்கும் கடனை உங்கள் பற்றாக்குறையில் சேர்க்கிறீர்களா? சேர்ப்பதில்லையே. எங்களுக்கு மட்டும் ஏன் இந்த அளவுகோல்?

இரண்டு வாதத்திலும் நியாயம் இருக்கிறது என்று மழுப்ப மாட்டேன். கணக்கு விஷயத்தில் மத்திய அரசு சொல்வது சரி, கடன் கடன்தான். ஆனால் ஓடிக்கொண்டிருந்த ஏற்பாட்டைப் பின்தேதியிட்டுக் கழித்தது நியாயமாகப் படவில்லை. ஆட்டத்தின் நடுவில் விதி மாறினால் தோற்பது ஆடுபவர் மட்டுமல்ல, பென்ஷனுக்காகக் காத்திருந்தவரும்தான்.

மத்திய நிதியே குறைந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மத்திய வரிகளில் மாநிலங்களுக்குப் பகிரும் தொகையில் கேரளத்தின் பங்கு 10ஆவது நிதிக்குழு காலத்தில் 3.875 சதவீதம். 14ஆவதில் 2.5. 15ஆவதில் 1.925. நாட்டின் மக்கள்தொகையில் 2011 கணக்குப்படி கேரளத்தின் பங்கோ 2.7 சதவீதத்துக்கு மேல். தனிநபர் வருமானம் கூடிய மாநிலத்துக்குப் பங்கு குறையும்படி சூத்திரம் இருக்கிறது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனையா என்று கேரளம் கேட்கிறது. தமிழ்நாடும் இதையேதான் கேட்கிறது.

வருவாய்ப் பற்றாக்குறை மானியமாக 2021-22இல் 19,891 கோடி, அடுத்த ஆண்டு 13,174 கோடி, 2023-24இல் 4,749 கோடி வந்தது. அதோடு முடிந்தது. 2022 ஜூனோடு ஜிஎஸ்டி இழப்பீடும் நின்றது. கடன் வரம்பும் அதே சமயத்தில் இறுகியது. எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்த ஆண்டுதான் 2023-24.

மானியம் குறைந்துகொண்டே போகும் என்பது நிதிக்குழு அறிக்கையிலேயே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். திடீரென்று யாரும் பறிக்கவில்லை. இரண்டு ஆண்டு முன்னாலேயே தெரிந்த விஷயத்துக்கு மாநில அரசு தயாராகவில்லை.

பெட்ரோலுக்கு 2 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோமே. அது பென்ஷனுக்குத்தானே?

ஆமாம், அப்படிச் சொல்லித்தான் போட்டார்கள். 2023 பிப்ரவரி பட்ஜெட்டில் நிதியமைச்சர் கே.என். பாலகோபால் பெட்ரோல், டீசல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் என்ற கூடுதல் வரியை அறிவித்தார். ஏப்ரல் 1 முதல் நடைமுறை. மது பாட்டிலுக்கும் விலையைப் பொறுத்து 20 அல்லது 40 ரூபாய். சட்டசபையிலும் தெருவிலும் பெரிய ரகளை ஆனது.

கணக்கைப் பாருங்கள். எரிபொருள் செஸ்ஸில் ஆண்டுக்கு 750 கோடி, மதுவில் 400 கோடி வரும் என்று பட்ஜெட் எதிர்பார்த்தது. பென்ஷனுக்கோ ஆண்டுக்கு 11,000 கோடி வேண்டும். இரண்டு செஸ்ஸும் முழுசாக வந்தாலும் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் தாங்கும். மீதிப் பதினொரு மாதத்துக்கு என்ன வழி என்ற கேள்வியை அந்த அறிவிப்பு மறைத்துவிட்டது. மக்களோ, அதுதான் செஸ் கொடுக்கிறோமே, பென்ஷன் எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அதைக் கேட்கும்படி வைத்தது அரசு.

எல்லையோரத்தில் இதற்கு இன்னொரு விளைவு. தமிழ்நாட்டில் பெட்ரோல் விலை குறைவு. கோபாலபுரம், கம்பம் பக்கம் போகிறவர்கள் அங்கேயே டேங்கை நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். செஸ்ஸும் போச்சு, வரியும் போச்சு.

உச்ச நீதிமன்றத்தில் என்ன ஆனது?

2023 டிசம்பரில் கேரளம் அரசியலமைப்பின் 131ஆவது பிரிவின் கீழ் மத்திய அரசு மேல் நேரடியாக வழக்குத் தொடுத்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே 13,608 கோடி கடனுக்கு மத்திய அரசு சம்மதித்தது. 2024 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தர மறுத்தது. ஆனால் 293ஆவது பிரிவுக்கு இதுவரை முறையான விளக்கமே இல்லை என்பதால் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. பென்ஷன் வாங்கும் ஒருவருக்கு அந்த வழக்கால் உடனே கிடைத்தது ஒன்றுமில்லை.

டெல்லிப் போராட்டத்தில் தமிழ்நாட்டு அமைச்சருக்கு என்ன வேலை?

2024 பிப்ரவரி 8, ஜந்தர் மந்தர். அப்போதைய முதல்வர் பினராயி விஜயன் அமைச்சரவையோடு போய் உட்கார்ந்தார். கெஜ்ரிவாலும் பகவந்த் மானும் வந்தார்கள், தமிழ்நாட்டிலிருந்து பழனிவேல் தியாகராஜன். முந்தைய நாள்தான் கர்நாடக காங்கிரஸ் அரசு அதே ஊரில் அதே கோரிக்கையோடு போராடியது. ஆனால் கேரளத்தில் உள்ள காங்கிரஸ் கேரளப் போராட்டத்துக்குப் போகவில்லை. டெல்லியில் தோழர்கள், திருவனந்தபுரத்தில் எதிரிகள் என்ற பழைய கதைதான்.

முந்தைய காங்கிரஸ் ஆட்சியில் 18 மாதம் பாக்கி இருந்ததாமே?

இடது முன்னணி எல்லா மேடையிலும் சொல்வது இது. உம்மன் சாண்டி ஆட்சியின் கடைசியில் பாக்கி இருந்தது உண்மை. 2016 ஓணத்துக்கு முன்னால் புதிய அரசு பல மாதப் பாக்கியைச் சேர்த்து, கூட்டுறவு சங்கங்கள் வழியாக வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்ததும் உண்மை. அந்த நாள் பலருக்கு இன்னும் நினைவிருக்கிறது. ‘18 மாதம்’ என்ற எண்ணை மட்டும் காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய முன்னணி ஒப்புக்கொள்வதில்லை.

கேரளத்தில் ஆட்சி மாறும்போதெல்லாம் ஒரு வெள்ளை அறிக்கை வரும். 2001, 2011, 2016 என்று பார்த்தால் ஒவ்வொன்றிலும் முந்தைய அரசு கஜானாவைக் காலி செய்துவிட்டது என்றிருக்கும். அத்தனையையும் நம்பினால் கஜானாவில் என்றைக்குமே பணம் இருந்ததில்லை என்றுதான் முடிவுக்கு வர வேண்டும்.

வெளிப்படையாக வெட்டிய அரசு ஏதாவது உண்டா?

உண்டு. ஏ.கே. ஆண்டனி, 2002. கஜானா காலி என்று வெள்ளை அறிக்கை வைத்து, அரசு ஊழியர்களின் விடுப்புச் சம்பளம் உள்ளிட்ட சலுகைகளை உத்தரவு போட்டே வெட்டினார். 32 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. பள்ளி, ஆபீஸ் எல்லாம் முடங்கின.

அதிலிருந்து எல்லாக் கட்சிகளும் படித்த பாடம் என்று எனக்குத் தோன்றுவது இதுதான்: சங்கம் உள்ளவர்களிடம் நேராகக் கை வைக்கக்கூடாது. ஊழியர்களுக்கும் அகவிலைப்படி பாக்கி பல தவணை நின்றது உண்மைதான், ஆனால் சம்பளம் மாதம் பிறந்தால் வந்துவிடும். லயத்துப் பாட்டிக்குச் சங்கம் இல்லை, வேலைநிறுத்தம் செய்ய வேலையும் இல்லை. அதனால் தள்ளிப்போடுவது என்று வந்தால் அவள் பணம்தான் முதலில் தள்ளிப்போகும்.

பென்ஷன் தவிர வேறு எதெல்லாம் அடி வாங்கியது?

சப்ளைகோ, அதாவது மாநில அரசின் மளிகைக் கடைகள். 13 பொருளின் விலையை ஏற்ற மாட்டோம் என்று 2016இல் வாக்குக் கொடுத்து ஏழு ஆண்டுக்கு மேல் காப்பாற்றினார்கள். 2024 பிப்ரவரியில் அது முடிந்தது. இனிச் சந்தை விலையில் 35 சதவீதம் தள்ளுபடி என்று மாற்றினார்கள், பருப்பு, மிளகாய் எல்லாம் ஏறின. அதற்கு முன்பே பல கடைகளில் மானியப் பொருளே இல்லாமல் அலமாரி காலியாகக் கிடந்தது. விலையை ஏற்றாமல் சரக்கை நிறுத்துவதும் பென்ஷனைத் தள்ளிப்போட்ட அதே வழிதான்.

ஆஷா பணியாளர்கள், அதாவது வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பெண்கள். மாதம் 7000 ரூபாய் மதிப்பூதியம் போதாது, 21,000 வேண்டும் என்று 2025 பிப்ரவரி 10 அன்று தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். வெயில், மழை, பட்டினிப் போராட்டம் எல்லாம் கடந்து 266 நாள். கடைசியில் கிடைத்தது 1000 ரூபாய் உயர்வு. மாநிலம் ‘மத்திய அரசு தரவில்லை’ என்றது, மத்திய அரசு ‘நாங்கள் கொடுத்துவிட்டோம்’ என்றது. 2015இல் மூணாறில் ‘பெம்பிளை ஒருமை’ என்ற தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர்களின் போனஸ் போராட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. உட்கார்ந்திருப்பவர்கள் பெண்கள், பேச்சுவார்த்தை மேசையில் ஆண்கள்.

ரேஷன் அரிசியும் நின்றுவிடுமா?

இல்லை. மஞ்சள், பிங்க் அட்டைக்கான அரிசி தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வருவது.

நூறு நாள் வேலை?

அது இனிமேல் கவனிக்க வேண்டியது. 2025 டிசம்பரில் மத்திய அரசு பழைய வேலை உறுதிச் சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம் கொண்டுவந்தது. நாள் 125 என்று ஏறினாலும் செலவில் 40 சதவீதத்தை மாநிலம் ஏற்க வேண்டும். பென்ஷனுக்கே திணறும் கஜானாவுக்கு இன்னொரு சுமை.

அரசு ஊழியர்களே க்ஷேம பென்ஷன் வாங்கினார்களாமே?

2024 நவம்பரில் நிதித்துறை சரிபார்த்தபோது 1,458 பேர் சிக்கினார்கள். அவர்களில் உயர் அதிகாரிகளும் கல்லூரி ஆசிரியர்களும் இருந்தார்கள். பணத்தை வட்டியோடு வசூலிக்க உத்தரவு வந்தது. மோசமான விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் 62 லட்சத்தில் 1,458. இதைப் பிடித்துவிட்டால் நெருக்கடி தீரும் என்பது போலச் சிலர் பேசினார்கள். அடுத்து வந்த சோதனைகளில் உண்மையான ஏழைகள்தான் ஆவணம் தேடி அலைந்தார்கள்.

பென்ஷன் என் உரிமையா, அரசின் தயவா?

மேடையில் உரிமை. கோர்ட்டில் வேறு. 2024 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தில் மாநில அரசே, க்ஷேம பென்ஷன் சட்டப்படியான உரிமை அல்ல, உதவி மட்டுமே, எப்போது எவ்வளவு கொடுப்பது என்பது அரசின் முடிவு என்று பதில் கொடுத்தது. சட்ட ரீதியாக அந்த நிலைப்பாட்டுக்கு இடம் இருக்கலாம். ஆனால் 1980 முதல் இதைத் தன் அடையாளமாகச் சொல்லிவந்த ஓர் இயக்கத்தின் அரசு அப்படி எழுதிக் கொடுத்ததை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மாதத்தின் இத்தனையாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இல்லாதவரை, ஒவ்வொரு நெருக்கடியிலும் இதுதான் முதலில் தள்ளிப்போகும். இந்தச் சட்டத்தை எந்த முன்னணியும் கேட்டு நான் பார்க்கவில்லை.

பாக்கி எல்லாம் வந்துவிட்டதா?

2024 ஜூலையில் முதல்வர் சட்டசபையில் ஐந்து தவணைப் பாக்கியை ஒப்புக்கொண்டார். இரண்டு அந்த நிதியாண்டில், மூன்று அடுத்த ஆண்டில் என்றார். கடைசித் தவணை 2025 நவம்பரில் வந்தது. புதிய 2000, பழைய 1600, ஆக 3600.

2000 ஆக்கியது தேர்தலுக்காகத்தானே?

2025 அக்டோபர் 29 அன்று அறிவித்தார்கள். டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல். நீங்களே முடிவு செய்யுங்கள். அன்றைய செய்தியாளர் சந்திப்பில் 35 முதல் 60 வயதுவரை, வேறு பென்ஷன் இல்லாத ஏழைப் பெண்களுக்கு 1000 ரூபாய் என்ற புதுத் திட்டமும் வந்தது. மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திட்டதற்காகக் கோபித்துக்கொண்டிருந்த கூட்டணிக் கட்சியான இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைச் (சிபிஐ) சமாதானப்படுத்தி, அதை நிறுத்திவைக்கும் அறிவிப்பும் அங்கேயே வந்தது. நவம்பர் 1 அன்று ‘அதிதீவிர வறுமை இல்லாத கேரளம்’ என்று பிரகடனம், எதிர்க்கட்சி புறக்கணிப்பு. மூன்றே நாளில் இத்தனையும்.

ஆனாலும் உள்ளாட்சித் தேர்தலில் இடது முன்னணி பலத்த அடி வாங்கியது. முடிவு வந்த அன்று உடும்பன்சோலை எம்எல்ஏ எம்.எம். மணி, பென்ஷனையும் வாங்கித் தின்றுவிட்டு மக்கள் எங்களுக்கு எதிராகக் குத்திவிட்டார்கள் என்ற பொருளில் பொரிந்து தள்ளினார். மறுநாள், சொன்னது தவறு என்று பின்வாங்கினார். மணி ஆசான் நம் மாவட்டத்துக்காரர், மனசில் பட்டதை அப்படியே பேசுகிறவர். பல கட்சிக்காரர்கள் உள்ளுக்குள் நினைத்ததை அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார் என்றே நினைக்கிறேன். ஓட்டுப் போட்டவர்கள் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு எளிது. வந்த 2000 நினைவில் இருந்தது, வராத ஆறு மாதமும் நினைவில் இருந்தது.

எல்லை தாண்டினால் எவ்வளவு கிடைக்கிறது?

தமிழ்நாட்டில் முதியோர், விதவை உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1200 ஆனது. அடுத்த மாதமே குடும்பத் தலைவிகளுக்கு 1000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் தொடங்கியது. ஆந்திராவில் 2024 ஜூலை முதல் முதியோருக்கு 4000. ஆந்திரச் சித்தூர், நகரி பக்கம் உறவுக்காரர்கள் இருந்தால் அந்தப் பெருமையைக் கேட்டே தீர வேண்டும். ஆனால் தொகையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். எத்தனை பேருக்குப் போகிறது, எந்த மாதம் வருகிறது, அதற்காக எவ்வளவு கடன் என்பதையும் பார்க்க வேண்டும்.

கம்பத்தில் ஒரு ரேஷன் கார்டு, வண்டிப்பெரியாரில் ஒன்று என்று வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வாங்கலாமா என்று காதோடு கேட்கிறவர்கள் உண்டு. கூடாது. ஆதார் சரிபார்ப்பில் மாட்டினால் வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

மஸ்டரிங் என்று அலைய விடுகிறார்களே, அது எதற்கு?

பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருக்கிறாரா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது. அரசின் இ-சேவை மையமான அக்ஷயாவுக்கு ஆதாரோடு போய் விரல் வைக்க வேண்டும். கட்டணம் 30 ரூபாய். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வருவார்கள், 50 ரூபாய். கெடுவுக்குள் செய்யாவிட்டால் பணம் நின்றுவிடும். அரசியல் காரணத்தால் நின்றதா, மஸ்டரிங்கால் நின்றதா என்று தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு.

எஸ்டேட்டில் இதற்கென்றே ஒரு சிக்கல். முப்பது, நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளிய கைகளில் ரேகை தேய்ந்திருக்கும், மிஷின் எடுக்காது. கண் கருவிழி மூலம் பதிய முடியுமா என்று கேளுங்கள். அதுவும் ஆகாவிட்டால் பஞ்சாயத்து ஆபீஸில் உயிர்வாழ்வுச் சான்று கொடுத்தால் போதும், அதை அவர்களே ஏற்றிவிடுவார்கள். ‘மிஷின் எடுக்கலை, போயிட்டு அடுத்த மாசம் வாங்க’ என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

விண்ணப்பமும் நோட்டீஸும் மலையாளத்தில் இருக்கிறது. என்ன செய்வது?

தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் தாலுகாக்கள் தமிழ் மொழிச் சிறுபான்மைப் பகுதிகள். அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. தமிழில் எழுதிக் கொடுங்கள், நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு மட்டும் வரவில்லை, பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டது. எங்கே கேட்பது?

முதலில் சொசைட்டி ஆளிடம் கேட்காதீர்கள், அவர் கையில் இருப்பது பெயர்ப் பட்டியல் மட்டும். அக்ஷயாவிலோ, போன் வைத்திருக்கும் பேரப் பிள்ளையிடமோ சொல்லி ‘சேவனா’ பென்ஷன் இணையதளத்தில் ஆதார் எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக எந்த மாதம் வந்தது, ஏன் நின்றது என்று அதில் தெரியும். மஸ்டரிங், வருமானச் சான்றிதழ், ஆதாரில் பெயர் எழுத்துப் பிழை, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். வருமானச் சான்று வில்லேஜ் ஆபீஸில். குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடாது. மற்றதெல்லாம் பஞ்சாயத்தில். வார்டு மெம்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அது அவர் வேலைதான்.